இப்படி ஜெபிப்பது பாவமா?



சபையிலே சத்தமாய்க் கேட்க முடியாத ஒரு கேள்வி உண்டு. மனவளர்ச்சி குன்றிய பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய தாய்மாரிடம் தனியே பேசிப்பாருங்கள். "ஆண்டவரே, நான் போறதுக்கு முன்னாடி இவனை எடுத்துக்கும்" என்று சிலர் அழுதுகொண்டே சொல்லுவார்கள். என் அம்மாவும் அப்படி ஜெபித்ததுண்டு. அம்மாவுக்கு 74 வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ள என் தம்பிக்கு 43.

"பெத்தவ இப்படிக் கேட்கலாமா? விசுவாசம் எங்கே?" என்பார்கள். அவர்கள் ஒரே ஒரு வாரம் எங்கள் வீட்டில் இருந்து பார்க்கட்டும்! சின்ன வயதில் அவனை எல்லாரும் தூக்கிக் கொஞ்சினார்கள். இப்போது நரைத்த தாடியைச் சவரம் பண்ணி, குளிப்பாட்டி, ராத்திரி அவன் எழும்பினால் கூடவே எழும்புகிறது அம்மா மட்டும்தான். கோபம் வந்தால் அவன் பலம் அவனுக்கே தெரியாது, தள்ளிவிடுவான். ஐந்து நிமிஷத்தில் வந்து அம்மா கன்னத்தைத் தடவுவான். அதற்கப்புறம் களைப்பை யாரிடம் சொல்ல மனசு வரும்?

மேல்நாடுகளில் 1960 வாக்கில் இவர்களுடைய சராசரி ஆயுசு 10 வயதளவே. இன்று சுமார் 60. இருதய ஆபரேஷன்கள் வந்தது பெரிய கிருபை. ஆனால் 40 வயதைத் தாண்டினால் இவர்களில் அநேகருக்கு மறதி நோயும் சீக்கிரமே வருகிறது. தாய் தளருகிற காலத்தில் பிள்ளையும் தளருகிறான்.

ஆகவே அந்த ஜெபத்தை நான் பாவம் என்று சொல்லமாட்டேன். அம்மா அவன் சாவையா கேட்கிறார்கள்? "எனக்கப்புறம் யாரு?" என்றுதான் கேட்கிறார்கள். எலியா சூரைச்செடியின் கீழே தன் சாவையே கேட்டான். தேவன் கடிந்துகொண்டாரா? இல்லை. தூங்கவிட்டார், அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார். பேச்சு பிற்பாடுதான். நாமோ தூக்கமில்லாதவளுக்கு முதலாவது பிரசங்கம் பண்ணுகிறோம்!

இப்போது வெள்ளி, சனி ராத்திரிகளில் தம்பி என் வீட்டில் படுக்கிறான். 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, 18 வயது நிறைந்த இப்படிப்பட்டவர்களுக்குப் பாதுகாவலரை நியமிக்க மாவட்டந்தோறும் ஒரு கமிட்டி உண்டு. கலெக்டரும் அதில் இருப்பார். என் பெயரைப் போட்டு மனு எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சந்தோஷப்பட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கும் 50 ஆயிட்டுதே, உனக்கப்புறம்?" என்றார்கள். இனி அதை என் பிள்ளைகளிடம் பேசவேண்டும்.