கசியாத மூட்டு

சிங்கப்பூரில் தேக்கா வட்டாரத்தை அடுத்துள்ள ஜாலான் புசார் பகுதி, இரும்புச் சாமான் கடைகளுக்கும் வண்டிப் பட்டறைகளுக்கும் நெடுங்காலம் பெயர் பெற்றிருந்தது. கியர்ப் பெட்டியைத் திறந்து பழுது நீக்கி மீண்டும் மூடுதல் இத்தகைய பட்டறைகளில் வழக்கமான வேலை. பெட்டியின் இரு பகுதிகளும் சேரும் விளிம்பில் எண்ணெய் கசியாதிருக்க, தாளிலோ தக்கையிலோ வெட்டிய கேஸ்கெட்டை முன்பு வைத்தனர். இன்று பல இயந்திரங்களில், குழாயிலிருந்து பிதுக்கி இடும் லிக்விட் கேஸ்கெட் என்னும் பசை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

அப்பசையின் இயல்பு விந்தையானது. சிலிக்கோன் வகை, காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று இறுகும். இன்னொரு வகையோ காற்றுப் படும்வரை இளகியே இருந்து, உலோகங்களுக்கிடையே காற்றின்றி நெருக்குண்ட பின்னரே இறுகும். தூய்மை இரண்டிற்கும் வேண்டும். பழைய பசையைச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தாலன்றிப் புதுப்பசை நன்கு பற்றாது. மிகுதியாக இடுதலும் கேடே. உட்புறம் பிதுங்கிய பசை துண்டாகப் பிய்ந்து, எண்ணெய் உறிஞ்சும் வலைக்கண்ணை அடைத்து, எஞ்சினையே பாழாக்கிவிடக் கூடும். போல்ட்டுகளை எதிரெதிராகச் சீரே முறுக்கிய பின்னும், சிலிக்கோன் நன்கு இறுகுவதற்குப் பொதுவாக ஒருநாள் காத்திருத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் அறம் பற்றிய வினா ஒன்று எழுகின்றது. பெட்டி மூடப்பட்டபின், உள்விளிம்பு துடைக்கப்பட்டதா என்பதை எவரும் காண இயலாது. வெளியே வழிந்த பசையைத் துடைத்துவிட்டால் மெய்யான வேலையும் பொய்யான வேலையும் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாடு வெளிப்பட வாரங்கள் செல்லலாம். அப்போது இழப்பை ஏற்பவர் வேறொருவர். காண்பாரில்லாத இடத்தில் ஒருவன் ஏன் நேர்மையாக உழைத்தல் வேண்டும்?

மனச்சான்றே காரணம் என்று விடை கூறுதல் எளிது. மாணவர் எழுதும் கட்டுரைகள் பல அவ்விடையோடு மனநிறைவு கொள்ளும். ஆசிரியரும் அதற்கு நல்ல மதிப்பெண் வழங்குவர். ஆயினும் அது பாதி விடையே.

1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், அமெரிக்காவின் சாலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதைந்து எழுவர் மாண்டனர். திட எரிபொருள் ராக்கெட்டின் மூட்டைக் காக்க வேண்டிய ரப்பர் வளையம் குளிரில் நெகிழ்வை இழந்தது. மூட்டின் வழியே வெப்ப வாயு கசிந்தது. குளிரில் ஏவுதல் கூடாதென ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியியலாளர் முதல் நாள் இரவே வற்புறுத்தியிருந்தனர். மேலாளர்கள் அதனைத் தள்ளி ஒப்புதல் அளித்தனர். மனச்சான்று அங்கே உறங்கவில்லை. அதற்குச் செவிகொடுப்பார்தாம் இல்லை.

சிங்கப்பூர் இப்பாடத்தை அதற்கு முன்னரே பெருந்துயரோடு கற்றது. 1978 அக்டோபர் 12 அன்று, ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுது பார்க்கப்பட்டுவந்த ஸ்பைரோஸ் என்னும் கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் உயிரிழந்தனர். எரிநெய்த் தொட்டியில் இருக்கத் தகாத கச்சா எண்ணெய் கலந்திருந்தமையும், அதனால் உண்டான ஆவியில் வெட்டுச் சுடரின் பொறி பற்றியமையும் விசாரணையில் வெளிப்பட்டன. சுடரை ஏந்தும் தொழிலாளி தொட்டியின் உள்ளே இருப்பதைத் தன் கண்ணால் அறிதல் இயலாது. அதைச் சோதித்து அவனுக்கு அறிவித்தல் மற்றவர் கடன். 2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இக்கடனை முதலாளிகள் மீதும் வேலையிடத்தைத் தம் பொறுப்பில் வைத்திருப்போர் மீதும் சுமத்தியது. நல்ல சட்டம்தான்.

ஆனால் சிறு பட்டறையில், பசை இறுகுவதற்குரிய அந்த ஒருநாளைச் சட்டம் கொண்டுவந்து கொடுத்துவிடாது. மாலைக்குள் வண்டி வேண்டும் என்று வாசலில் நிற்கும் வாடிக்கையாளர் அதை மறுக்கிறார். அவரை இழக்க அஞ்சும் முதலாளியும் மறுக்கிறார். இருவரும் சேர்ந்து நேரத்தைப் பறித்துக்கொண்டு, பின்னர் எண்ணெய் சொட்டுங்கால் தொழிலாளியின் நேர்மையைப் பற்றிப் பேசுவது எவ்வகை நீதி? விளிம்பைத் துடைப்பது அவன் பொறுப்பு, அதில் ஐயமில்லை. "இன்று ஆகாது, நாளைக் காலை வாருங்கள்" என்று அவன் சொல்லும்போது, முதலாளி அவன் பக்கம் நிற்கின்றாரா என்பதையும் சேர்த்தே எடைபோடுதல் வேண்டும்.