பற்றிக்கொள்ளாத அன்பு

இளவேனிலை வரவின் காலமாகவே நாம் எண்ணிப் பழகியுள்ளோம். அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கரையில் நிற்பவனுக்கோ அது பிரிவின் காலம். வடகிழக்குப் பருவமழையாலும், மேட்டூரிலிருந்து புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வரும் நீராலும் நிறைந்த ஏரி, பங்குனி வெயிலில் வற்றத் தொடங்குகிறது. குளிர்காலத்தில் தஞ்சம் புகுந்த பட்டைத்தலை வாத்துகள், இமயத்தைக் கடந்து தங்கள் வடதிசை இல்லங்களுக்குத் திரும்புகின்றன.

நம்மை விட்டுச் செல்லும் பறவையை நாம் ஏன் காக்க வேண்டும்? இக்கேள்வியை என்னிடம் எழுப்பியவர் ஓர் ஏழை விவசாயி. "சாமி, புடிச்சா பிள்ளைங்களுக்கு ஒருவேளைக் கறி. விட்டா எங்கேயோ போயிடுது. யாருக்கு என்ன லாபம்?" என்றார். உடனே விடை சொல்ல எனக்குத் தகுதியில்லை. இளங்குருவாக இருந்தபோது, ஒரு வீட்டில் அன்போடு படைத்த நீர்ப்பறவைக் கறியை எவ்வித உறுத்தலுமின்றி உண்டவன் நான்.

சட்டம் தன் கடமையைச் செய்திருக்கிறது. ஒன்றுபட்ட பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்த இவ்வேரி 1999இல் பறவைகள் காப்பகமாயிற்று. 2024 சனவரியில் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆயின், இரவில் கண்ணி வைக்கும் கையருகே நிற்பது மனச்சான்று ஒன்றே.

அம்மனச்சான்றுக்குத் திருநூல் என்ன கற்பிக்கிறது? கூட்டைக் காண்பவன் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம். தாய்ப்பறவையை விட்டுவிட வேண்டும் என்கிறது மோசேயின் சட்டம் (இணைச்சட்டம் 22:6-7). பசியை அது மறுக்கவில்லை. பசிக்கும் ஓர் எல்லை உண்டு என்கிறது. உயிர்ப்புப் பெருவிழாவோ நம்மை இன்னும் அப்பால் அழைத்துச் செல்கிறது. தோட்டத்தில் ஆண்டவரைக் கண்ட மகதலா மரியா, அவரைப் பற்றிக்கொள்ள வேண்டாம் எனப் பணிக்கப்படுகிறார். கண்டார், விட்டார், ஓடிச்சென்று அறிவித்தார். அவருடைய மகிழ்ச்சி அதனால் குறையவில்லை, நிறைந்தது.

இதே மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் அன்னை மரியாவை 'அடைக்கல அன்னை' எனப் போற்றினார். அடைக்கலம் தருபவர், வந்தவரிடம் எத்தனை நாள் தங்குவாய், என்ன தருவாய் என்று கேட்பதில்லை. அந்த அன்னையின் திருத்தலத்துக்கு நடந்துசெல்லும் நாமும், நம் ஏரிக்கு வந்த விருந்தாளியிடம் அக்கேள்வியைக் கேட்கலாகாது.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. வயிறு நிறைந்தவன் ஏரிக்கரையில் நின்று அழகை வியப்பது எளிது. ஏழையிடம் பறவையை விடச் சொல்லும் நாம், அவர் வீட்டு அடுப்பு எரிகிறதா என்றும் கேட்டாக வேண்டும். கேளாவிடில் நம் அறிவுரை நேர்மையற்றது. அந்த விவசாயியிடம் முதலில் என் பழைய தவற்றைச் சொன்னேன். பிறகு அவர் வீட்டு நிலையைக் கேட்டேன். பறவையைப் பற்றி அதன்பின்தான் பேசினோம்.

வரும் உயிர்ப்பு வாரத்தில், மறைக்கல்விச் சிறுவர்களுடன் கரைவெட்டிக்குச் செல்ல எண்ணியுள்ளேன். எஞ்சிய பறவைகளை வழியனுப்ப அவருடைய பிள்ளைகளும் வருகிறார்கள்.