விற்பவரின் மௌனம்

பயன்படுத்திய பொருளை விற்பதும் வாங்குவதும் நம்மிடையே புதிதன்று. பழைய பாடநூல்களும் பழைய மிதிவண்டிகளும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியே வந்துள்ளன. ஆயினும் அன்று விற்றவரும் வாங்கியவரும் பெரும்பாலும் ஒரே ஊரார். ஏமாற்றியவர் மறுநாள் அதே தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. இன்றோ, பிள்ளை வளர்ந்துவிட்டதால் அளவு சிறுத்துப்போன கிரிக்கெட் மட்டையும் காலணியும் மிதிவண்டியும் தலைக்கவசமும் இணையத்தின் வழியே முன்பின் அறியாதவர் கைகளைச் சென்றடைகின்றன. இதில் நன்மை உண்டு. புதியது வாங்க வசதியற்ற வீட்டுப் பிள்ளையும் நல்ல மட்டையைக் கையில் ஏந்துகிறான். பயன்படும் பொருள் குப்பையைச் சேர்வதில்லை. எனினும், இங்கே ஓர் அறநெறிக் கேள்வி எழுகிறது. முகமறியாத ஒருவருக்கு, அவர் கேட்காத உண்மையையும் சொல்ல நாம் கடமைப்பட்டுள்ளோமா?

தலைக்கவசத்தையே எடுத்துக்கொள்வோம். மிதிவண்டி ஓட்டுவோர் அணியும் கவசத்தின் உட்புறத்தில் தெர்மோகோலை ஒத்த, இறுகிய நுரைப்பொருள் உள்ளது. தலை தரையில் மோதும்போது அந்த நுரை நசுங்கி, மோதலின் வேகத்தைத் தான் ஏற்றுக்கொள்கிறது. நசுங்கிய நுரை மீண்டும் பழைய நிலைக்கு வருவதில்லை. அதாவது, ஒருமுறை உயிரைக் காத்த கவசம் தன் பணியை முடித்துவிட்டது. மேல் ஓட்டிலோ ஒரு கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். இதனாலேயே, அமெரிக்காவில் 1999 முதல் நடைமுறையிலுள்ள மிதிவண்டித் தலைக்கவசத் தரவிதி, ஓர் எச்சரிக்கைச் சீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. மோதலுக்கு உள்ளான கவசத்தின் சேதம் கண்ணுக்குப் புலப்படாமல் இருக்கலாம். அதனை உற்பத்தியாளரின் சோதனைக்கு அனுப்ப வேண்டும், அல்லது அழித்துவிட்டு வேறொன்றை வாங்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இத்தகைய கவசத்தைத் துடைத்து மெருகேற்றி, அழகிய நிழற்படம் எடுத்து விற்பனைக்கு வைக்கிறார் ஒருவர். அவர் பொய் ஏதும் சொல்லவில்லை. கீழே விழுந்த கதையை மட்டும் சொல்லவில்லை. வாங்குபவர் எத்துணை விழிப்புள்ளவராயினும் அந்த நசுங்கலைக் காண இயலாது. உலகில் அதனை அறிந்தவர் விற்பவர் ஒருவரே. "வாங்குபவரே, எச்சரிக்கையாயிரும்" என்னும் பழைய வணிக நெறி இந்த இடத்தில் பொருளற்றுப் போகிறது அன்றோ?

சட்டம் என்ன சொல்கிறது? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், மோசடி இன்னதென வரையறுக்கும் 17ஆம் பிரிவு, வெறும் மௌனம் பொதுவாக மோசடி ஆகாது என்கிறது. அது தரும் எடுத்துக்காட்டு ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. ஒருவர் தம் குதிரை குறையுள்ளது என அறிந்தும், வாய் திறவாமல் ஏலத்தில் விற்கிறார், அது மோசடியன்று. ஆனால் வாங்குபவர் அவருடைய மகளாக, அப்போதுதான் உரிய வயதை எட்டியவளாக இருந்தால், குறையைச் சொல்வது அவர் கடமையாகிவிடுகிறது. அதே குதிரை, அதே குறை, அதே மௌனம். உறவு ஒன்றுதான் மாறியது.

சட்டம் எங்கேனும் ஓர் எல்லைக் கோட்டைப் போட்டாக வேண்டும். அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் மனச்சான்று அந்தக் கோட்டோடு நின்றுவிட முடியுமா? அயலாருடைய மகளின் தலை, நம் மகளின் தலையைவிட உறுதியானதா?

13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ், விற்பதிலும் வாங்குவதிலும் நேரும் வஞ்சனையைப் பற்றித் தனியே ஆராய்ந்தார். அவரும் குதிரையைத்தான் எடுத்துக்காட்டாகக் கொண்டார் என்பது வியப்புக்குரியது. ஒற்றைக்கண் குதிரையின் குறை பார்த்தாலே தெரியும். அதற்கேற்ப விலையைக் குறைத்தால், விற்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மறைந்திருக்கும் குறையால் வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ நேருமாயின், அதனைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாத விற்பனை வஞ்சனை. விளைந்த தீங்குக்கு ஈடு செய்யவும் விற்பவர் கடமைப்பட்டவர். அதே வேளையில், குறையை ஊரறியப் பறைசாற்ற வேண்டியதில்லை, வாங்க வருபவரிடம் தனியே சொன்னால் போதும் என்றும் அவர் விளக்குகிறார். எத்துணை நடைமுறை அறிவு!

இந்த அளவுகோலை இன்றைய விற்பனைக்குப் பொருத்திப் பார்ப்போம். கைப்பிடி தேய்ந்த மட்டைக்குச் சொல் தேவையில்லை; படமே பேசும். அடிமுனையில் விரிசல் விட்டு, பசையால் ஒட்டி, மேலே புதிய பாதுகாப்புத் தாள் ஒட்டப்பட்ட மட்டையானால் சொல்ல வேண்டும். காஷ்மீர் வில்லோ மட்டையை இங்கிலீஷ் வில்லோ என்று விற்பது வெளிப்படையான பொய். விபத்தில் அடிபட்ட தலைக்கவசமோ விற்பனைக்கே உரியதன்று. விலையைக் குறைத்தோமே என்னும் சமாதானம் இங்கே செல்லாது. பணத்துக்கு வரும் இழப்பை விலைக்குறைப்பு ஈடு செய்யலாம். உயிருக்கு வரும் ஆபத்தை அது ஈடு செய்யாது. அத்தகைய கவசத்தின் வாரை அறுத்து எறிந்துவிடுவதே நேர்மை.

வாங்குபவருக்குக் கடமை இல்லையா? உண்டு, கேட்பதே அந்தக் கடமை. மேற்கூறிய சட்டப்பிரிவே இதற்கு வழி காட்டுகிறது. "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக உள்ளது என்றே கொள்வேன்" என்னும் கருத்தை வாங்குபவர் சொன்ன பிறகும் விற்பவர் வாளாவிருந்தால், அந்த மௌனமே பேச்சாகிவிடுகிறது. எனவே, "இது விபத்தில் சிக்கியதுண்டா? எப்போது வாங்கியது? ரசீது உள்ளதா?" என எழுத்திலேயே கேட்பது நலம். மிதிவண்டியானால் மிதிகளின் அச்சு செல்லும் பகுதிக்கு அடியில் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும் எண்ணைப் பார்ப்பதும் நலம். அது அழிக்கப்பட்டிருந்தால் ஐயுறுவதற்கு இடமுண்டு. திருட்டுப் பொருளைக் காசு கொடுத்து வாங்கினாலும் அது நமக்கு உரிமையாகிவிடாது.

விற்பவரும் விழிப்பாய் இருக்க வேண்டிய காலம் இது. படைவீரர் எனத் தம்மைச் சொல்லிக்கொண்டு, பொருளைப் பாராமலே முழு விலையும் தர முன்வந்து, "பணம் பெற இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்து, ரகசிய எண்ணை இடுங்கள்" என்பார் உளர். யுபிஐ முறையில் ரகசிய எண்ணை இடுவது பணம் செலுத்துவதற்கே. பெறுவதற்கு அது தேவையே இல்லை. ஏமாந்தவர் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும். பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், துணையோடு சந்தித்து, பொருளைக் கையில் வாங்கிப் பார்த்தபின் பணம் தருவதே சாலச் சிறந்தது.

இவ்வாறு விழிப்பாயிருப்பது பிறரை ஐயுறுவதாகாதா எனச் சிலர் தயங்கக்கூடும். ஆகாது. ஐயம் எதிரே இருப்பவரைத் தீயவர் எனத் தீர்ப்பிட்டுவிடுகிறது. விவேகமோ தீர்ப்பிடாமல் உண்மையைத் தேடுகிறது. நேர்மையானவர் கேள்விகளால் புண்படுவதில்லை. தம் நேர்மையைக் காட்ட அவற்றை ஒரு வாய்ப்பாகவே கொள்வார்.

வணிகருக்குரிய அறத்தை வள்ளுவர் எங்கே வைத்தார்? துலாக்கோலைப் பற்றிப் பேசும் 'நடுவு நிலைமை' அதிகாரத்திலேயே வைத்தார். துலாக்கோலுக்கு முகம் தெரியாது. தட்டில் உள்ளவை உறவினர்க்கா அயலார்க்கா என அது பார்ப்பதில்லை. வாங்குபவரின் விழிப்பு, கண் காணும் தூரம்வரைதான் காக்கும். அதற்கப்பால் அவரைக் காப்பது விற்பவரின் வாய்ச்சொல் ஒன்றே. அடுத்த முறை ஒரு பொருளை விற்பனைக்கு வைக்குமுன், இதை நம் மகளுக்குக் கொடுப்பதானால் என்ன சொல்லிக் கொடுப்போம் என எண்ணிப் பார்ப்போம். அதையே அந்த முகமறியாதவருக்கும் சொல்வோம்.