ஓய்ந்திருக்கும் பொருளின் உரிமை

ஒரு பொருளைப் பயன்படுத்தும்போது அதைப் பேண வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஓடும் மிதிவண்டியின் சங்கிலி கழன்றால் இறங்கித்தான் ஆகவேண்டும்; அங்கே கடமையை நினைவூட்ட ஆசிரியர் எவரும் வேண்டியதில்லை. நாம் ஈண்டு ஆராயப் புகுவது வேறொன்று. வண்டி திண்ணையோரம் சார்த்தப்பட்டிருக்கிறது. அதன் விளக்கும் பூட்டும் பம்பும் தலைக்கவசமும் ஆணியிலும் அலமாரியிலும் ஓய்ந்து கிடக்கின்றன. அந்த வேளையில் அவற்றுக்கு நம்மீது ஏதேனும் ஹக்கு உண்டா? உண்டெனின், அது அப்பொருளின் உரிமையா, அல்லது அதன் வழியாக நம்மை வந்தடையும் பிறர் ஒருவரின் உரிமையா?

இத்துணைச் சிறிய பொருள்களை முன்னிட்டு இவ்வளவு பெரிய வினாவா என்று அன்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். பெரிய பொருள்கள் தம் குறையைத் தாமே கூவி அறிவிக்கின்றன. கூரை ஒழுகினால் வீடே விழித்துக்கொள்கிறது. சிறிய பொருள்களோ வாய் திறப்பதில்லை. திருக்குறளின் பொருட்பாலில் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரம் உண்டு. அங்கே கண்டிக்கப்படுவது அறிவின்மை அன்று. களிப்பில் பிறக்கும் மறதி. அரபியில் கஃப்லத் என்றும், நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் பொடுபோக்கு என்றும் வழங்குவதற்கு இது மிக அணுக்கமானது. பயணம் கெட்டவன் தன் கருவிகளை மறப்பதில்லை. நலமாக வீடு சேர்ந்தவனே மறக்கிறான். வந்து சேர்ந்த மகிழ்ச்சியில் பையை மூலையில் எறிந்துவிட்டுத் தேநீருக்குக் குரல் கொடுக்கிறான்.

ஆனால் ஓய்வு என்பது அவனுக்குத்தான். மூலையில் கிடக்கும் பொருள்கள் ஓய்வதில்லை. விளக்கினுள் விட்டுவைத்த அல்கலைன் பேட்டரி, மாதங்கள் செல்லச் செல்ல உள்ளிருக்கும் காரத்தைக் கசியவிட்டு, செப்புத் தகட்டை வெண்பொடியாலும் பச்சைக் களிம்பாலும் மூடிவிடுகிறது. நெடுநாள் எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வைக்கவேண்டும். கசிந்துவிட்டாலோ பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, ஈரமின்றிக் காயவிடுவர். சார்ஜ் ஏற்றும் லித்தியம் விளக்கின் இயல்பு வேறு. அதை முற்றிலும் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் போட்டுவைத்தால் பேட்டரி கெட்டுப்போகும். பாதி அளவு ஏற்றி, வெயில் படாத இடத்தில் வைப்பதே அதற்கு நலம். பழைய பம்பினுள் இருக்கும் தோல் வாஷர் எண்ணெய்ப் பசை வற்றினால் சுருங்குகிறது. பிறகு எவ்வளவு அழுத்தினாலும் காற்று பின்வழியே போய்விடுகிறது. கடலோர ஊர்க்காரர்களுக்குப் பூட்டின் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. உப்புக்காற்று ஒரு மழைக்காலத்திலேயே திறவுகோலை வெளியே நிறுத்திவிடும். அதில் எண்ணெயைக் கொட்டினால் புழுதியும் சேர்ந்து குழம்பாகும். பென்சில் கரித்தூளைச் சிறிது தூவுவது மேல். தண்ணீர்ப் புட்டியை அலசியபின் மூடியைத் திறந்தே கவிழ்க்கவேண்டும். ஈரத்தோடு மூடினால் மறுமுறை திறக்கும்போது வீசும் பூஞ்சை வாடையே பாடம் சொல்லும்.

இவற்றுள் நம் சிந்தனையை அதிகம் ஈர்ப்பது பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் குழாய்தான். ஒருமுறை திறந்துவிட்டால், மூடியை எவ்வளவு இறுக்கினாலும் அதிலுள்ள கரைப்பான் மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும். குழாயின் தோற்றம் மாறாது. பையில் அது இருக்கிறது என்னும் நம்பிக்கையும் மாறாது. ஊருக்கு ஐந்து மைல் அப்பால், அந்தி வேளையில் அதைப் பிதுக்கும்போதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியவரும். இல்லாத பொருளைவிட, இருப்பதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கும் பொருள் பெருங்கேடு விளைப்பதை இங்கே காண்கிறோம். குழாய் இல்லை என்று அறிந்தவன் பகலிலேயே திரும்பியிருப்பான்.

இதுவரை சொன்னவற்றில் இழப்பு உடையவனுக்கே. தன் பொடுபோக்கின் விலையைத் தானே கொடுக்கிறான், அதில் நமக்கென்ன என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதம் வண்டியின் பின்பக்கம் வந்ததும் நின்றுவிடுகிறது. முன்விளக்கு ஓட்டுபவன் வழி காணவும் உதவுகிறது. பின்னே இருக்கும் சிவப்பு விளக்கும் ரிப்ளெக்டரும் அவன் கண்ணுக்கு ஒருநாளும் பயன்படுவதில்லை. அவை எரிகின்றனவா, மின்னுகின்றனவா என்பதைக்கூட இருக்கையில் அமர்ந்தபடி அவன் அறிய இயலாது. பின்னால் வரும் லாரியின் ஒளி தன்மேல் விழும்போது அதை வந்த திசைக்கே திருப்பியனுப்புவதுதான் ரிப்ளெக்டரின் தொழில். சேறு படிந்தால் அத்தொழில் நடவாது. துடைக்க ஓர் ஈரத்துணி போதும். ஆயினும் வண்டி முழுவதையும் பளபளக்கத் துடைப்பவர்கள்கூடச் சக்கரக் காப்பின் பின்னால் குனிவது அரிது. காரணம், அது அவர்களுக்கு உரியதன்று. அது பின்னால் வருபவனுக்கு உரியது. இருட்டில் ஒருவனை மோதிவிட்டு ஆயுள் முழுதும் அந்த நினைவைச் சுமக்க நேரும் ஓர் ஓட்டுநரின் உரிமை அந்தச் சிறு சிவப்புக் கண்ணாடியில் அடங்கியிருக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

நம் ஊர்களில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சைக்கிள் கடைகள் இருந்த காலத்தில் இவ்வுண்மை வெளிப்படையாய் விளங்கிற்று. ஒரே வண்டியில் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர். முன்னவர் விட்டுச்சென்ற நிலையே பின்னவருக்குக் கிடைத்தது. இன்று வண்டி தனித்தனி உடைமையாகிவிட்டது. ஆயினும் பம்பு மட்டும் தெருவின் பொதுச்சொத்துப் போலவே அண்டைவீடு போய் வருகிறது. இரவல் பொருளைப் பற்றி மார்க்கச் சட்ட அறிஞர்கள் ஆழ்ந்து ஆராய்ந்துள்ளனர். அரபியில் அது ஆரியத் எனப்படும். ஹனபி மத்ஹபில் இரவல் பொருள் ஓர் அமானிதம். வாங்கியவரின் கவனக்குறைவோ அத்துமீறலோ இன்றிக் கெட்டால் அவர் ஈடு தர வேண்டியதில்லை. ஷாபிஈ மத்ஹபில் அனுமதித்த பயன்பாட்டினால் தேய்ந்ததற்குப் பொறுப்பில்லை. வேறு வகையில் கெட்டால், கவனக்குறைவு இல்லாவிடினும் பொறுப்பு உண்டு. மதரசாவில் இப்பாடத்தை நடத்துங்கால் நாம் எப்போதும் வியப்பது, இரண்டு முடிவுகளுக்கும் அடியில் கிடக்கும் ஒரே கேள்வியை: பொருள் கையில் சும்மா இருந்த வேளையில் என்ன நேர்ந்தது? பம்பை அழுத்திய ஐந்து நிமிடத்தைப் பற்றி வழக்கு எழுவதில்லை. முற்றத்து மழையில் அது கிடந்த இரவைப் பற்றித்தான் எழுகிறது.

பேணுதல் என்னும் பெயரால் வேறொன்று நடப்பதையும் சொல்லவேண்டும். விலையுயர்ந்த விளக்கை உறையிலிட்டு, உறையைப் பெட்டியிலிட்டு, இரவில் வெளியே எடுக்க மனமின்றி இருட்டிலேயே ஓட்டிச் செல்பவர் உண்டு. அவர் பொருளின் உரிமையைக் காக்கவில்லை. பொருள்தான் அவரைக் காவலுக்கு வைத்திருக்கிறது. மறுபுறம், விடியுமுன் பால் கேனோ மீன்கூடையோ கட்டிக்கொண்டு புறப்படும் தொழிலாளியிடம் போய், தலைக்கவசத் திண்டுகளைக் கழற்றிச் சோப்பு நீரில் அலசினீரா என்று வினவுவது அறமாகாது. அவரிடம் தலைக்கவசமே இராது. அவருக்கு நாம் செய்யத்தக்கது அறிவுரை அன்று. பின்பக்கத்துக்கு ஒரு ரிப்ளெக்டர்.

தலைக்கவசம் என்றதும் இவ்வாராய்ச்சியின் கடினமான முடிச்சுக்கு வந்துவிட்டோம். மிதிவண்டித் தலைக்கவசத்தின் உட்பகுதி பெரும்பாலும் நாம் தெர்மாகோல் என்று சொல்லும் பொருளே, சற்று அடர்த்தியானது. தலை தரையில் மோதும்போது அது தான் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. நசுங்கியது மீண்டும் எழாது. எனவே பலத்த அடி ஒன்றைத் தாங்கிய கவசம், மேலோடு பழுதின்றித் தோன்றினாலும், கடமை முடித்த கவசமே. பெட்ரோலோ தின்னரோ கொண்டு துடைத்தாலும் உள்ளே அரித்துவிடும். மிதமான சோப்பு நீரும் நிழற் காய்ச்சலுமே அதற்கு ஏற்றவை.

இப்போது ஒரு குடும்பத்தை எண்ணிப்பாருங்கள். மூத்த மகன் விழுந்து எழுந்தான், தலை தப்பியது, புதுக் கவசம் வாங்கியாயிற்று. பழையதைத் துடைத்துப் பார்த்தால் புதிது போலவே இருக்கிறது. அரசின் விலையில்லா மிதிவண்டியில் பள்ளி செல்லும் ஏழை உறவினர் பிள்ளை ஒருவன் இருக்கிறான். வீணாவானேன், அவனுக்குக் கொடுப்போமே என்று தாய் சொல்கிறாள். அவள் எண்ணம் நல்லது. சிக்கனமும் ஈகையும் ஒருங்கே நிறைவேறுவது போல் தோன்றுகிறது.

விற்பனையில் குறையை மறைத்தால் வாங்கியவர் அறிந்ததும் பொருளைத் திருப்பிவிட உரிமை பெறுகிறார். அன்பளிப்பில் விலை இல்லை. ஆகவே திருப்பும் உரிமையும் இல்லை. பெற்றவர் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். கேள்வி கேட்க வாயற்ற இடத்தில்தான் குறையைச் சொல்லும் கடமை கூடுகிறது என்பது நம் துணிபு. ஆனால் இங்கே சொல்லிவிட்டுக் கொடுத்தாலும் போதாது. உடைந்த நாற்காலியைச் சொல்லிக் கொடுக்கலாம். அவர் தச்சரிடம் காட்டுவார். நசுங்கிய தெர்மாகோலைச் செப்பனிடும் தச்சர் எவருமில்லை. அந்தப் பிள்ளை அதை அணிந்துகொண்டு, அணியாதபோது இருந்த அச்சத்தையும் இழந்து வேகமாகச் செல்வான். சொல்யூஷன் குழாயில் கண்ட அதே பொய், இங்கே இன்னொருவன் தலைமேல் ஏறுகிறது.

வீசியெறிந்தாலும் குப்பையிலிருந்து எவரேனும் எடுத்து அணியக்கூடும். ஆதலால் இதை அறிந்தவர்கள் முதலில் தாடை வாரைக் கத்தரியால் அறுத்துவிடுகின்றனர். அதன் பின்னரே கவசம் குப்பைக்குப் போகிறது. உறவினர் பிள்ளைக்குக் கொடுக்க அந்த வீட்டில் ஒன்றுதான் மிஞ்சுகிறது: கடையில் புதிதாக வாங்கிய இன்னொன்று. விலை கேட்டுத் தயங்கினால், தம் மகனுக்கு வாங்கும்போது தயங்கினோமா என்று தாயும் தந்தையும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளட்டும்.