உடலின் உரிமை



"தினமும் சற்று நடங்கள்" என்று அவிநாசிபாளையம் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களிடம் சொன்னால், "ஒன்றரை ஷிப்டு முடித்து வருகிறவனுக்கு நேரம் ஏது? உடம்புதான் அங்கேயே உழைத்துவிட்டதே!" என்பார்கள். ஆனால், தையல் மிஷினில் குனிந்தே உட்கார்ந்திருப்பது களைப்பைத் தரும். நடையின் பலனைத் தராது.

இரவெல்லாம் வணங்கி, பகலெல்லாம் நோன்பு நோற்ற அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களுக்கு, உடலுக்கும் உரிமை உண்டென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். வணக்கத்திற்காகவே அந்த உரிமையைப் பறிக்கலாகாது என்றால், சம்பாத்தியத்திற்காகப் பறிக்கலாமா?

வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பஜ்ருக்குச் செல்லும்போது வண்டியை வீட்டில் விடுங்கள். பள்ளி அருகிலிருந்தால் சுற்றுவழியில் செல்லுங்கள். போக 15, வர 15 நிமிடம் வேகமாக நடந்தால் 5 நாளில் கணக்குத் தீர்ந்தது.

பெண்களுக்குக் கூச்சம் தடையா? இஷாவுக்குப் பின் கணவர் உடன் நடக்கட்டும். பெருமானார் (ஸல்) அவர்களே அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியிருக்கிறார்கள்.

முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்து, மறுவாரம் விட்டுவிடாதீர்கள். சிறிதாயினும் நிலையான அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது. நாயகம் (ஸல்) அவர்கள் சனிக்கிழமைதோறும் நடந்தோ, வாகனத்திலோ குபா பள்ளிக்குச் சென்றுவந்தார்கள். நாள் குறித்துக்கொண்டால் சோம்பலுக்கு இடமில்லை.

உடல் அமானிதம். திருப்பிக் கொடுக்கும் நாளில் கேள்வி உண்டு. அதைப் பேணும் தவ்பீக்கை வல்ல அல்லாஹ் நமக்குத் தருவானாக! ஆமீன்.