விழுந்த ஸ்விட்சும் மறக்கருணையும்

ஐப்பசி அடைமழையில் திருவாரூர்ப் பக்கத்து வீடுகளின் சுவரெல்லாம் ஓதமேறிக் கிடக்கும் நாட்களில், அரிசியும் நீரும் அளந்து வைத்து எலெக்ட்ரிக் குக்கரின் விசையைத் தட்டிய மாத்திரத்தில், மீட்டர்ப் பெட்டியருகே உள்ள காப்பு ஸ்விட்ச் ‘டப்’பென்று விழுந்து வீடு முழுதும் இருண்டுபோவதுண்டு. அவ்வேளையில் பெரும்பாலோர் நொந்துகொள்வது குக்கரையன்று, ஸ்விட்சைத்தான். சைவ சித்தாந்தம் நெடுங்காலமாக விசாரித்து வந்த வினாவும் இவ்விடத்திலேதான் இருக்கிறது: கருணையே வடிவானவன் நம்மிடமிருந்து ஒன்றைப் பறிக்கும்போது, அந்தப் பறிப்பையும் கருணை என்று கொள்ளலாகுமா?

ஆகும் என்பது சித்தாந்திகளின் துணிபு. இனிதாக வருவது அறக்கருணை, கடுமையாக வருவது மறக்கருணை. சொல்வழி நில்லாத பிள்ளையைப் பெற்றோர் அடித்துத் திருத்துவதும் பரிவேயாவது போல, ஈசன் செய்யும் நிக்கிரகமாகிய தண்டனையும் நேசத்தின் காரியமே என்று சிவஞான சித்தியார் பேசுகிறது.

ஆரூர்க்காரர்கள் இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இவ்வூரில் பரவையாரை மணந்து, திருத்தொண்டத்தொகை பாடிய சுந்தரர், திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரிவதில்லை என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்து, பின்னர் ஆரூரின் வசந்த விழா நினைவுக்கு வர, அச்சத்தியத்தை மீறி ஊரெல்லையைத் தாண்டிய அளவிலே இரு கண்ணும் ஒளியிழந்தார் என்றும், காஞ்சியில் இடக்கண்ணையும் திருவாரூரில் வலக்கண்ணையும் திரும்பப் பெற்றார் என்றும் சேக்கிழார் உரைக்கிறார். தம்பிரான் தோழர் எனப்பட்ட அவருக்கே சலுகை கிட்டவில்லை.

ஸ்விட்ச் விழுவதும் இத்தகைய கடுமைதான்; எப்படியென்று பார்ப்போம். குக்கரின் அடித்தட்டில் உலோகக் குழல் ஒன்று பதிந்திருக்கும். அதனுள்ளே நிக்ரோம் கம்பிச் சுருள். கம்பி குழலைத் தொட்டுவிடாதபடி இடையில் மக்னீசியம் ஆக்சைடு தூள் இறுக அடைக்கப்பட்டிருக்கும். தூள் உலர்ந்திருக்கும் வரை மின்சாரம் தன் எல்லைக்குள் நிற்கும். குழல் முனையின் அடைப்புக் கெட்டு, பொங்கி வழிந்த கஞ்சியோ மழைக்கால ஈரமோ உள்ளே புகுந்துவிட்டால், மின்சாரத்தில் ஒரு சிறு பகுதி குக்கரின் உடலுக்குக் கசிந்து எர்த் வழியே மண்ணுக்கு இறங்கும். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று ஓயாது ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் காப்பு ஸ்விட்ச், 30 மில்லியாம்பியர் குறைந்தாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பை அறுத்துவிடும். 700 வாட் குக்கர் இழுப்பது ஏறத்தாழ 3 ஆம்பியர். கசிவு அதில் நூற்றிலொரு பங்கு. சோறு வேகுவதற்கு அது ஒரு பொருட்டன்று; ஈரக்கையால் குக்கரைத் தொடுகிறவரின் இருதயத்துக்கோ, அதற்கு மேற்பட்டால் ஆபத்து.

ஆதலால் விழுந்தது எது என்று முதலில் பார்க்க வேண்டும். மற்றொரு வகைக் காப்பு ஸ்விட்சான எம்.சி.பி. விழுந்திருந்தால் ஷார்ட் அல்லது ஓவர்லோடு, ஆர்.சி.சி.பி. விழுந்திருந்தால் கசிவு. குக்கரின் பிளக்கைப் பிடுங்கியதும் ஸ்விட்ச் நின்று, செருகியதும் விழுந்து, அதே பாயிண்டில் வேறொரு சாதனம் தடையின்றி ஓடினால் குற்றம் குக்கரிடத்தோ அதன் ஒயரிடத்தோ என்று தெளியலாம். ஒன்று உள்ளபோது உளதாய், அது இல்லாதபோது இலதாவதைக் கொண்டு காரணத்தைத் துணியும் அன்வய வியதிரேகம் என்று தார்க்கிகர் சொல்வது இதுவே.

ஸ்விட்சை இறைவனோடு வைத்துப் பார்க்கும் இவ்வொப்புமை ஓரிடத்தில் செல்லாது. ஸ்விட்சுக்கு அறிவில்லை, குக்கரின் குற்றத்துக்காக மாடியறையில் படிக்கும் குழந்தையின் விளக்கையும் சேர்த்தே அணைத்துவிடுகிறது. இறைவனோ உயிர்தோறும் வினையறிந்து செய்பவன் என்பது சித்தாந்தம். ஆயினும், நிரபராதி ஒருவர் துன்புறக் கண்டு, அதை மறக்கருணையென்று அவருக்கு உபதேசிக்க எவருக்கும் அதிகாரமில்லை என்றே கருதுகிறேன். தன் குற்றத்தைத் தேடுகிறவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளத் தக்க சொல் அது.

ஸ்விட்ச் அடிக்கடி விழுகிறதென்று ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்து நேராக இணைப்புக் கொடுப்பதும், ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றிவிடுவதும் நம் வீடுகளில் நடக்கின்றன. தயவுசெய்து அவற்றைச் செய்யாதீர்கள். குக்கரை விவரமறிந்த எலெக்ட்ரீசியனிடம் கொடுத்து, கசிவைச் சோதிக்கும் மெக்கர் கருவியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அன்றைய சோற்றைக் கேஸ் அடுப்பில் வடித்துக்கொள்ளலாம்.