முழங்கால் யாருடையது?

முழங்காலுக்குள் ஏதோ ஒன்று விலகும்போது எழும் சத்தம் பெரியதல்ல. ஈரச் சுள்ளியை முறிப்பது போலத்தான் இருக்கும். ரங்கூன் அலோனில், ஒரு கோயில் மண்டபத்துச் சிமெண்டுத் தரையில், 2017ஆம் ஆண்டு மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். முழங்கால் இன்னொருவருடையது. அதை அமுக்கிக்கொண்டிருந்த கை என்னுடையது.

இன்று அந்தக் கை கோலாலம்பூரில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் ரொட்டி மாவு பிசைகிறது. 2024 பிப்ரவரியில் இராணுவம் கட்டாய ஆட்சேர்ப்புச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, 18 முதல் 35 வயது வரையான ஆண்கள் அனைவரும் அதன் வலைக்குள் வந்தோம். அந்த வருடமே நான் வெளியேறினேன். 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. நான் அகதி என்பது எனக்குத் தெரியும்; இங்குள்ள சட்டத்துக்குத் தெரியாது. இடுப்புப் பிடித்துக்கொண்டால் விடுப்பு கிடையாது. இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் என் இடத்தில் வேறொருவன் நிற்பான். எங்களைப் போன்றவர்கள் எல்லை தாண்டும்போது கொண்டுவந்த ஒரே சொத்து உடம்புதான். அதைப் பழுதாக்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி, ஆகவே, எனக்கு ஓய்வு நேரத்துத் தத்துவமாகப் படவில்லை.

யோகம் எனக்கு வந்த வழியைச் சொல்லிவிட வேண்டும். அலோனில் எங்கள் கோயில் மண்டபத்தில் ஒரு பெரியவர் ஞாயிறுதோறும் ஆசனம் சொல்லிக்கொடுத்தார். அவர் கற்றது படம் போட்ட ஒரு பழைய புத்தகத்திலிருந்து. நான் பிசியோதெரபி படிக்கப் போய், அப்பா இறந்ததும் இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டவன். பெரியவருக்குத் தள்ளாமை வந்ததும், எலும்புக்கெல்லாம் பெயர் சொல்லத் தெரிந்தவன் என்பதால், என்னை அவர் இடத்தில் உட்கார வைத்தார்கள். பர்மிய வழக்கப்படி ‘சயா’ என்று அழைத்தார்கள். இருபத்தைந்து வயதில் தன்னைவிட மூத்தவர்கள் ஆசிரியரே என்று அழைத்தால் ஒருவனுக்கு என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த அண்ணன் ஆற்றங்கரையில் மூட்டை தூக்குபவர். ஐம்பதை நெருங்கியவர். குந்தி உட்கார்ந்தால் அரைமணி நேரம் அசையாமல் தேநீர் குடிப்பார். பத்மாசனம் மட்டும் அவருக்கு வரவில்லை. குந்த முடிகிறவருக்குக் கால் மடக்க ஏன் முடியாது, பயம்தான் காரணம் என்று நான் முடிவு கட்டினேன். அவரும், “இன்னும் கொஞ்சம் அமுக்கு தம்பி, வந்துரும்” என்றார். அமுக்கினேன். சத்தம் வந்தது. அவர் சிரித்தார். அடுத்த ஞாயிறு நொண்டிக்கொண்டே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். மூன்று மாதத்தில் மூட்டை தூக்குவதை விட்டுவிட்டு, பாதிக் கூலிக்குக் காவல் வேலைக்குப் போனார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அன்றைக்கு என் கை அறியாததை இப்போது எழுதிப் பார்க்கிறேன். தொடை எலும்பின் மேல்முனையில் ஒரு பந்து இருக்கிறது. அது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் சுழல்கிறது. பந்துக்கும் எலும்பின் தண்டுக்கும் இடையிலுள்ள கழுத்து நேராக இராது. சற்று முன்பக்கமாகத் திருகியிருக்கும். வளர்ந்தவர்களில் இந்தத் திருகல் சராசரியாக 15 பாகை. ஆனால் ஒருவருக்கு இது மிகக் குறைவாகவும், இன்னொருவருக்கு இருமடங்காகவும் இருக்கக்கூடும். திருகல் கூடியவருக்குத் தொடை வெளிப்பக்கமாகச் சுழல்வது குறையும். கிண்ணத்தின் வாய் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். குந்துவதற்குத் தொடை முன்னே மடங்கினால் போதும். பத்மாசனத்துக்கு அது வெளிப்பக்கம் நன்றாகச் சுழலவும் வேண்டும். இரண்டும் வெவ்வேறு அசைவுகள். ஒன்று வருகிறவருக்கு மற்றது வந்தே தீர வேண்டும் என்று எந்த எலும்பும் எழுதிக் கொடுக்கவில்லை.

இடுப்பு சுழலாதபோது, பாதத்தை எதிர்த்தொடை மேல் ஏற்றினால், அந்தத் திருகு முழுவதையும் முழங்கால் வாங்கிக்கொள்கிறது. முழங்காலோ பெரும்பாலும் கதவுக் கீல் போல மடங்கி நிமிர்வது. மடங்கிய நிலையில் சிறிதளவே திரும்பும். அதனுள் பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்புத் தட்டுகள் இருக்கின்றன. அவற்றின் உள்விளிம்புக்கு இரத்த ஓட்டம் இல்லையென்றே சொல்லலாம். அங்கே கிழிந்தால் தானாக ஆறுவது அரிது. மூட்டை தூக்கி உழைத்த ஐம்பது வயதுத் தட்டை, என் முழு எடையையும் வைத்து நான் திருகியிருக்கிறேன்.

அசைவை ஆராயும் படிப்பு ஓர் எளிய பேதத்தைக் கற்றுத் தருகிறது. தசை இறுகியிருந்தால், மடக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இழுவை தெரியும். காலப்போக்கில் அது நெகிழும். எலும்பு எலும்பில் முட்டினால், மடக்கும் பக்கத்திலேயே நெரிவு தெரியும். அதை வருடக்கணக்கில் அமுக்கினாலும் எலும்பு விலகிக்கொள்ளாது. வேறு ஏதாவதுதான் விட்டுக்கொடுக்கும். “எங்கே தெரியுது அண்ணே, இழுக்குதா, நெரிக்குதா?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. பதில் எனக்கு ஏற்கனவே தெரியும் என்று நினைத்தேன்.

இது முழங்காலோடு நிற்பதல்ல. மணிக்கணக்கில் குதிகால்மேல் அமர்ந்து உலக அமைதிக்காக ஓதிவந்த ஒரு மாணவருக்கு, காலின் நரம்பு நசுங்கிப் பாதத்தைத் தூக்க முடியாமல் போனதை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் 1971இல் பதிவு செய்தது. சிரசாசனத்தில் தேர்ந்தவர்களை அளந்து 2015இல் வெளிவந்த ஆய்வொன்றில், உடல் எடையில் 40 முதல் 48 சதவீதம் வரை தலையில் இறங்கியது தெரிந்தது. ஐந்து கிலோத் தலையைத் தாங்கப் பழகிய கழுத்து அது.

*

இவற்றையெல்லாம் சொன்னபோது இங்குள்ள நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். “நம்ம முன்னோர் எலும்பை அளந்தா பண்ணினாங்க? வலியைத் தாங்குறதுதான் தவம். வெள்ளைக்காரன் அளவுகோலைக் கொண்டுவந்து எல்லாத்தையும் கொன்னுடாதே.” வெளிநாடுகளில் வாழும் நமக்கு இந்தக் கோபம் புதியதல்ல. கையில் எஞ்சியிருக்கும் கொஞ்சத்தை யாராவது தொட்டால் பதறுகிறோம். எனினும் நாம் காப்பாற்ற நினைக்கும் மரபைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்பது நல்லது.

பதஞ்சலி சூத்திரங்கள் இருநூறுக்குச் சற்றுக் குறைவு. அவற்றில் ஆசனத்தை நேராகப் பேசுபவை மூன்றே மூன்று. அங்கே கேட்கப்படுவது நிலைபேறும் சுகமும். எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது. முதல் அங்கமான இயமத்தில் முதலாவது அகிம்சை. வரிசையை வைத்துப் பார்த்தால், துன்புறுத்தாமை தெரியாதவன் ஆசனத்துக்கே வந்து சேர முடியாது.

சுவாமி குவலயானந்தா 1924இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தைத் தொடங்கியபோது, எக்ஸ்ரே கருவியும் அழுத்தமானியும் கொண்டு கிரியைகளின்போது வயிற்றுக்குள் நடப்பதை அளந்தார். கிருஷ்ணமாச்சாரியார் 1930களில் மைசூர் அரண்மனையில் சிறுவர்களுக்குக் கடும் பயிற்சி கொடுத்தவர். 1952இல் சென்னைக்கு வந்தபின் நோயாளிகளும் முதியவர்களும் வந்தபோது, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறாக வகுத்துக் கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் அந்த வழியில்தான் நடந்தது. பி.கே.எஸ். ஐயங்கார் சர்வாங்காசனத்தில் தோள்களுக்குக் கீழே மடித்த கம்பளங்களை வைத்தார். கழுத்து மடங்கவேண்டிய கோணம் அதனால் குறைந்தது. கம்பளம் வைத்தவரை யாரும் மரபைக் கொன்றவர் என்று சொல்வதில்லை.

நான் இப்போது நிற்கும் மண்ணுக்கு இன்னும் நெருக்கமான ஒருவரும் இருக்கிறார். பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி என்ற மருத்துவர், 1913இல் மலாயாவுக்கு வந்து நெகிரி செம்பிலானில் தோட்ட மருத்துவமனையில் பணியாற்றினார். பால்மரத் தோட்டத்துத் தமிழ்க் கூலிகளின் உடம்புகளைப் பத்தாண்டு காலம் பார்த்தபின் 1923இல் திரும்பிப் போய் சுவாமி சிவானந்தா ஆனார். மரபா, மருத்துவமா என்று நாம் இன்று போடும் சண்டை அந்த ஒரு மனிதருக்குள் எப்படி இருந்திருக்கும் என்று மாவு பிசையும்போது யோசிப்பதுண்டு.

ஆனால் விஞ்ஞானத்தைப் புதிய குருவாக்கி உட்கார வைப்பதும் என் நோக்கமல்ல. பதினைந்து பாகை என்பது சராசரி. சராசரி மனிதன் என்று ஒருவன் எந்த வகுப்புக்கும் வந்ததில்லை. முதுகுவலியே இல்லாதவர்களின் முதுகைப் படமெடுத்த பல ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். இருபது வயதினரில் 37 சதவீதத்தினரிடமும், எண்பது வயதினரில் 96 சதவீதத்தினரிடமும் தட்டுத் தேய்மானம் இருந்தது. படத்தில் தேய்மானம், ஆளிடம் வலியில்லை. கருவி எலும்பைக் காட்டும், வலியைக் காட்டாது. வலிக்கு அதை அனுபவிப்பவரைத் தவிர வேறு சாட்சி கிடையாது. என் அறிவு எவ்வளவு கூடினாலும், அந்தச் சாட்சியிடம் போய்த்தான் நான் கேட்க வேண்டும்.

அந்த அண்ணன் சம்மதித்தாரே, அமுக்கச் சொன்னதே அவர்தானே என்று நீண்ட காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ‘சயா’ என்று அழைப்பவன் ‘சரி’ என்று சொல்வதும், சமமானவன் ‘சரி’ என்று சொல்வதும் ஒன்றல்ல. கற்கிறவர் தன் உடம்பு சொல்வதை நம்பாமல் என் சொல்லை நம்பினார். அந்த நம்பிக்கை இருந்த இடத்தில் என் பொறுப்பு குறையவில்லை, கூடியிருந்தது.

*

இதை எனக்கு முழுதாகப் புரியவைத்தவன் ‘அகோ’ என்று என்னை அழைக்கும் ஒரு பர்மிய இளைஞன். எங்கள் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறான். 2021 பிப்ரவரி ஆட்சிக்கவிழ்ப்பின்பின், இரவு எட்டு மணிக்கு வீட்டு வாசலில் நின்று நாமெல்லாம் பாத்திரம் தட்டினோமே, அந்த நாட்களில் தெருவில் நின்றவன். சிறைக்குப் போய் வந்தவன். முதுகுவலி என்று ஞாயிறு வகுப்புக்கு வந்தான். வழக்கம்போலச் சொன்னேன்: காலை மடித்து உட்காருங்கள், முதுகு நேராக, கைகள் முழங்கால்மேல், தலை சற்றுத் தாழ்த்தி. அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

பர்மியச் சிறைகளில் ‘பௌன்ஸான்’ என்று ஒன்று உண்டு. உருவம், மாதிரி என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். எண்ணிக்கை எடுக்கும்போதும் அதிகாரி வரும்போதும் கைதிகள் கட்டளைக்கு இருந்தாக வேண்டிய நிலைகள் அவை. அவற்றில் ஒன்று, காலை மடித்து, முதுகை நிமிர்த்தி, கைகளை முழங்கால்மேல் வைத்து, தலை தாழ்த்தி உட்காருவது. மோட்டார் சைக்கிள் ஓட்டுவதுபோல் அரைக்குந்தலில் நிற்கவைத்து வதைப்பதும் உண்டு. முன்னாள் அரசியல் கைதிகள் இவற்றைப் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். முதலாவது நமது சுகாசனம். இரண்டாவது ஏறக்குறைய உத்கடாசனம்.

எலும்பும் தசையும் இரண்டு இடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கோணமானியால் அளந்தால் வித்தியாசம் தெரியாது. அப்படியானால் ஆசனத்தையும் வதையையும் பிரிப்பது எது? விரும்பிய கணத்தில் எழுந்துவிட முடியும் என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. எழுந்தால் அவமானம் இல்லை, ஏளனம் இல்லை, ஆசிரியரின் முகம் கறுக்காது என்ற உறுதியும் அதில் சேர்ந்தது. அந்த உறுதி இல்லாத வகுப்பில் எத்தனை மந்திரம் ஓதினாலும், அது ‘பௌன்ஸான்’ பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது. 2017இல் என் வகுப்பும் அப்படிச் சாய்ந்தே இருந்தது. சிறைக்காவலனுக்கும் எனக்கும் வேறுபாடு இல்லை என்று நான் சொல்லவில்லை. அவன் நோக்கம் வேறு, என் நோக்கம் வேறு. ஆனால் நோக்கம் முழங்காலுக்குள் போய்ச் சேர்வதில்லை. விசை மட்டுமே போய்ச் சேர்கிறது.

எங்கள் ஞாயிறு வகுப்பில் இப்போது எட்டொன்பது பேர். கேட்காமல் யாரையும் தொடுவதில்லை; கேட்டபின்னும் அமுக்குவதில்லை. சிரசாசனம் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவர்களுக்கு, சுவரில் கால் தூக்கிப் படுப்பதும், மாவு மூட்டையை இடுப்பை மடக்கி உடம்போடு ஒட்டித் தூக்கப் பழகுவதும்தான் அவசியமாக இருக்கிறது. அந்த இளைஞன் திரும்ப வந்தான். பிளாஸ்டிக் நாற்காலியில், கண்ணைத் திறந்து, கதவைப் பார்த்தபடி உட்காருவான். அவனுடைய ஆசனம் அது.

சில மாதங்களுக்கு முன் அலோனுக்குத் தொலைபேசி எடுத்தபோது அந்த அண்ணனோடு பேசக் கிடைத்தது. மன்னிப்புக் கேட்டேன். “விடு தம்பி, நான்தானே அமுக்கச் சொன்னேன்” என்றார். மழைக்காலத்தில் படி ஏறுவதுதான் கஷ்டம் என்றார். அவர் மன்னித்துவிட்டார். அதனால் அவர் முழங்கால் ஆறிவிடவில்லை.

போன ஞாயிறு புதிதாக ஒருவர் வந்தார். கட்டுமான வேலை செய்கிறவர். காலை மடித்து உட்கார்ந்தார்; முழங்கால் இரண்டும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றன. “கையை வச்சுக் கொஞ்சம் அமுக்கி விடுங்க சார்” என்றார். காலி மாவுச் சாக்குகளை மடித்து இரண்டு முழங்கால்களுக்கும் கீழே வைத்தேன்.

“இழுக்குதா, நெரிக்குதா?” என்று கேட்டேன். அவர் யோசித்துப் பதில் சொல்லும்வரை காத்திருந்தேன்.